மணியின் துளை

நேயர்களே, மழை விட்ட மறுநாள் காலையில் உடப்புசல்லாவைத் தேயிலை மலைகளுக்கு ஏறும் பாதையில் நின்று, ஓரத்துக் கானைக் குனிந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் கல் புதிதல்ல. தண்ணீர் வடிந்த இடத்தில் கருமணல் படிந்து கிடக்கும். அந்த மணலுக்குள்ளே மாதுளம் முத்தை நுணுக்கிப் போட்டாற்போலச் சிவப்புத் துணுக்குகள் தெரியும். கார்னெட் என்னும் கல் அது. நம் மலைநாட்டின் மிகப் பழைய பாறைகளில் பொட்டுப் பொட்டாகப் பதிந்திருப்பது. பாறை உக்கி மண்ணாகிப் போனாலும் அது உக்குவதில்லை. கழன்று விழுந்து கானோடு வந்துவிடுகிறது. விலைபோகும் அளவுக்குப் பெரிய கல் அகப்படுவது அபூர்வம். பெரும்பாலும் அது பிள்ளைகளின் சட்டைப் பைக்குத்தான் செல்வம்.

என் மகள்வயிற்றுப் பேத்தி இரண்டு மாரிகாலம் பொறுக்கிச் சேர்த்து, ஒரு ஜாம் போத்தலில் இருபத்தொரு கல் வைத்திருந்தாள். எல்லாம் மொச்சைக்கொட்டையிலும் சிறியவை. ஒருநாள் போத்தலை என் முன்னால் வைத்து, "தாத்தா, இதெல்லாம் கோத்து ஒரு மாலை செய்யணும். ஓட்டை போட ஊசி மாதிரி ஒரு டிரில் பிட் வாங்கித் தாங்க" என்றாள்.

கேட்டபோது இது ஒரு வேலையாகவே எனக்குத் தோன்றவில்லை. ராகலைக் கடைவீதியில் விசாரித்தேன். மூன்று மில்லிமீற்றருக்குக் குறைந்து இல்லை என்றார்கள். நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன். (ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து இந்தப் பக்கமாக ஒரு சின்ன ரயில் ஓடியது. உடப்புசல்லாவைப் பாதை என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு, எங்கள் ஊர்வரை வராமலே ராகலையோடு நின்றுகொண்ட ரயில் அது. அதுவும் போய்ப் பல காலம்.) நுவரெலியாவில் ஒரு மில்லிமீற்றர் உருக்கு அலகு கிடைத்தது. மூன்று வாங்கிவந்தேன். முதல் அலகு ஐந்து நிமிடத்தில் முனை மழுங்கி மினுங்கியது. இரண்டாவது சூடேறி நீலம் பாரித்தது. மூன்றாவது ஒடிந்தது. கல்லில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான்.

தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் முப்பது வருடம் இயந்திரம் திருத்திய ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கல்லை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "இரும்ப இரும்பு தொளைக்கும் தம்பி. கல்லத் தொளைக்கக் கல்லுதான் வேணும்" என்றார்.

இன்றைய பேச்சுக்கு அந்த ஒரு சொல்லே காரணம்.

மணி என்றதும் நாம் அதன் நிறத்தைப் பேசுகிறோம், ஒளியைப் பேசுகிறோம். நூதனசாலைகளிலும் மணிகளை முகம் தெரியும்படியே அடுக்கி வைக்கிறார்கள். துளை பக்கவாட்டில் மறைந்து போகிறது. ஆனால், கல்லை மணியாக்குவது துளைதான். துளையில்லாதவரை அது வெறும் கூழாங்கல். உடைத்துச் செதுக்கிய கல்லைத் தேய்த்து உருட்டுவது பொறுமையால் ஆகிவிடும். அதற்கு மணலும் தண்ணீரும் போதும். துளையிடுவது பொறுமையால் மட்டும் ஆகாது. கல்லைவிடக் கடினமான ஒரு முனை வேண்டும். அந்த முனை ஊசிபோல மெல்லியதாகவும் இருக்க வேண்டும், ஒடியாமலும் இருக்க வேண்டும். மணி செய்தவர்களின் வரலாறு முழுவதும் இந்தச் சின்ன முனையைத் தேடிய வரலாறு என்றே நான் எண்ணத் தலைப்பட்டிருக்கிறேன்.

கற்களின் கடினத்துக்கு 1812ஆம் ஆண்டில் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் ஒரு வரிசை வகுத்தார். எது எதைக் கீறுகிறதோ அது அதற்கு மேல். அந்த வரிசையில் படிகக்கல் என்று நாம் சொல்லும் குவார்ட்ஸ் ஏழாவது. சூதுபவளம், அகேட் என்பவையும் குவார்ட்ஸ் குடும்பமே. கார்னெட் அதை ஒட்டி முன்னே பின்னே நிற்கும். புஷ்பராகம் எட்டு. நீலமும் மாணிக்கமும் ஒரே கல்லின் இரண்டு நிறங்கள், அவை ஒன்பது. வைரம் பத்து. நல்ல உருக்கே ஏழுக்குச் சற்று இப்பால்தான் நிற்கிறது. என் மூன்று அலகுகளும் தோற்றதன் இரகசியம் இதுவே.

ஒன்பதாவது படியில் நிற்கும் கல்லினத்துக்கு உலகம் முழுவதும் இன்று வழங்கும் பெயர் கொரண்டம் என்பது. நேயர்கள் அந்தச் சொல்லைச் சற்று மெதுவாக உச்சரித்துப் பார்க்க வேண்டும். நம்முடைய குருந்தக்கல்லே அது. சாணைக் கல்லுக்கும் பட்டை தீட்டுவதற்கும் தமிழ்நாட்டார் பயன்படுத்திய குருந்தம், ஐரோப்பியர் வாயில் புகுந்து விஞ்ஞானப் பெயராகிவிட்டது. ஒரு தொழிலாளியின் பட்டறைச் சொல் உலக அகராதியில் ஏறியது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இந்தத் தீவில் மணி கோத்தவர்கள் மிகப் பழையவர்கள். களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களவுக்கு அருகே உள்ள பாஹியன்கலக் குகையில், சுமார் 48,000 முதல் 45,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுகளிலிருந்து கடற்சிப்பி மணிகளும் காவிக்கல் மணிகளும் கிடைத்ததாக 2020இல் ஆய்வாளர் வெளியிட்டனர். மழைக்காட்டுக்குள் வாழ்ந்தவர்கள் கடற்கரைச் சிப்பியை வரவழைத்து அணிந்திருக்கிறார்கள். ஆனால் சிப்பி மென்மையானது. கடின வரிசையில் மூன்று, நான்கைத் தாண்டாது. உடைந்த படிகக்கல்லின் கூர் ஒன்று போதும், திருகினால் இறங்கிவிடும். நமக்கு அடுத்த பண்டாரவளைக் குன்றுகளில் ஆதிமனிதர் செதுக்கிய படிகக் கற்சில்லுகள் ஏராளம் அகப்பட்டிருக்கின்றன. படிகத்தால் சிப்பியைத் துளைக்கலாம். படிகத்தையே துளைக்க எதைக் கொண்டுவருவது? அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

அந்தத் தொல்லைக்கு முதலில் பெருவிடை கண்டவர்கள் சிந்துவெளி மக்கள். 1935-36இல் எர்னஸ்ட் மக்கே என்பவர் சானுதாரோ என்னும் ஊரில் அகழ்ந்தபோது மணிப்பட்டறை ஒன்று வெளிப்பட்டது. அங்கே தீக்குச்சி கனத்தில் சில கல் அலகுகளும் இருந்தன. பின்னாளில் ஜொனதன் மார்க் கெனோயர், மாசிமோ விடாலே என்ற இருவர் அவற்றை ஆராய்ந்து, அந்தக் கல்லுக்கு மக்கேயின் நினைவாக எர்னஸ்டைட் என்று பெயரிட்டனர். பக்குவமாகச் சூடேற்றிக் கடினப்படுத்திய ஒருவகைக் கல் அது. அலகின் நுனி சற்றே பருத்தும் இடை சற்றே ஒடுங்கியும் இருக்கும். துளைக்குள் சிக்கி ஒடியாமலிருக்கச் செய்த ஏற்பாடு. நாலாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு தொழிலாளி தன் அலகு ஒடிந்த எரிச்சலில் கண்டுபிடித்த நுட்பம் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. மூன்று அலகை இழந்தவனுக்கு அந்த எரிச்சல் புரியும்.

அந்த அலகைக் கொண்டு சூதுபவளத்தைத் துளைத்துப் பார்த்தார்கள். மணிக்கு இரண்டரை மில்லிமீற்றர் இறங்கியது. சிந்துவெளியார் செய்த நீண்ட சூதுபவள மணிகள் ஆறு முதல் பதின்மூன்று சென்ரிமீற்றர் வரை நீளமானவை. ஒன்றைத் துளைத்து முடிக்க மூன்று முதல் எட்டு நாள் இடைவிடாத வேலை. கராச்சிக்கு அருகே அல்லாதினோவில் அத்தகைய முப்பத்தாறு மணி கோத்த மேகலை கிடைத்தது. அதைச் செய்து முடிக்க ஒரு தொழிலாளிக்கு 480 வேலைநாட்களுக்கு மேல் பிடித்திருக்கும் என்பது கெனோயரின் கணக்கு. ஒரு பெண்ணின் இடுப்பு அணிக்கு ஒரு மனிதனின் ஒன்றரை வருடம்! அந்த நகரங்கள் சிதைந்தபின் எர்னஸ்டைட் அலகும் மறைந்தது. அலகு மறைந்ததும் அவ்வளவு நீண்ட சூதுபவள மணியும் வழக்கொழிந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றின் வடகரையில், கொடுமணல் என்று ஓர் ஊர். பதிற்றுப்பத்து அணிகலன்களுக்காகப் போற்றும் கொடுமணம் இதுவே என்பர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கே அகழ்ந்தனர். எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோரின் பெயர்கள் அவ்வூரோடு சேர்ந்தே பேசப்படுபவை. வெட்டிய கல், செதுக்கிய கல், தேய்த்த கல், துளைக்குமுன் கைவிட்ட கல், துளைக்கையில் உடைந்த கல் என்று ஒரு தொழிலின் எல்லாப் படிகளும் அங்கே மண்ணுக்குள் கிடந்தன. பச்சைக்கல் பக்கத்துப் படியூரிலும் நீலக்கல் சிவன்மலையிலும் கிடைப்பவை. சூதுபவளமோ மேற்கே குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அவ்வூருக்கு எட்டிய தூரத்தில் அரச்சலூர்க் குகையில் பழந்தமிழ் எழுத்தில் ஒரு பெயர் வெட்டியிருக்கிறது: மணி வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் நோட்டம் பார்ப்பவன், கல்லின் தரம் சொல்பவன். தரம் சொன்னவனுக்குப் பெயர் இருக்கிறது. துளைத்தவனுக்கு இல்லை.

பெயர் இல்லை என்றேன், தொழிற்பெயர் இருக்கிறது. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரையின் கடைத்தெருவைக் காட்டும்போது மணியில் துளையிடுவோரையும் மறவாமல் நிறுத்துகிறார். குயினர் என்பது அவர் அவர்களுக்குத் தரும் பெயர். குயிலுதல் என்றால் துளைத்தல். இன்று அந்தச் சொல் எங்கே போயிற்று? குயில் பறவையை மட்டும் வைத்துக்கொண்டு தொழிலை விட்டுவிட்டோம். நம் இலங்கையின் தொல்பிராமிக் கல்வெட்டுகளிலும் மணிகார என்ற தொழிற்பெயர் வருகிறது. பிக்குகளுக்குக் குகை கொடுக்கும் அளவுக்கு வசதி படைத்த மணிக்காரர் அந்நாளில் இருந்திருக்கின்றனர். அவர்கள் பட்டறையின் சொந்தக்காரர்களா, அலகு பிடித்தவர்களா என்று கல்வெட்டு விளக்குவதில்லை.

வள்ளுவருக்கும் மணி தெரியும். காமத்துப்பாலில் ஒரு குறள், ஒரு பெண்ணின் அழகுக்குள் தெரியும் குறிப்புக்கு, மணிக்குள்ளே தெரியும் நூலை உவமை சொல்கிறது. நூல் வெளியே தெரிய வேண்டுமானால் மணி பளிங்குபோல் ஊடுருவித் தெரிவதாக இருக்க வேண்டும். அத்தகைய மணியில் துளையின் சுவர் கரடுமுரடாக இருந்தால் உள்ளே புகைபடிந்தாற்போலத் தோன்றும், நூல் தெரியாது. ஆகவே வள்ளுவர் பார்த்த மணியைத் துளைத்தவன் வேலை தெரிந்தவன். புலவர் நூலைப் பார்த்தார். உரைகாரர்கள் காதலைப் பார்த்தார்கள். அந்த நூலுக்கு வழிவிட்ட துளையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறும்வரை யோசித்தவனில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். அரிக்கமேட்டில் சட்டி சட்டியாகக் கிடைத்த மணிகள் எல்லாம் இப்படி உயிரைக் கொடுத்துத் துளைத்தவையா? இல்லை. 1945இல் மோட்டிமர் வீலர் அகழ்ந்து புகழ்பெறச் செய்த அந்த ஊரில் கல்மணியும் உண்டு. ஆனால் மலிந்து கிடந்தவை கண்ணாடி மணிகள். உருகிய கண்ணாடியை நடுவில் காற்று அடைத்து நீளக் குழாயாக இழுத்து, குழாயைத் துண்டு துண்டாக நறுக்கினால் மணி. துளை முதலில், மணி பிறகு. அலகே வேண்டாம். தென்கிழக்காசியா வரைக்கும் அந்த மணிகள் கொட்டிக் கிடப்பதன் காரணத்தை இதிலிருந்து ஊகிக்கலாம். பாட்டிமார் கழுத்தில் நாம் கண்ட பாசிமணி அந்த வம்சம். அலகு தேடி அலுத்த மனிதன் கண்ட குறுக்கு வழி என்றுகூடச் சொல்லலாம். கல்லில் குறுக்கு வழி கிடையாது.

கல்லுக்கு இருந்த வழி இரண்டு. ஒன்று, செம்பு அல்லது இரும்பு அலகோடு குருந்தத் தூளைத் தண்ணீரில் குழைத்து ஊற்றி, தூள் அரைக்க அரைக்க இறங்குவது. மெதுவான வேலை. மற்றது, வைரம். பத்தாவது படியில் நிற்கும் கல்லின் சிறு சில்லை இரும்பு முனையில் பதித்துவிட்டால் மற்றெல்லாக் கல்லும் வழிவிடும். ரோமானியரான பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய இயற்கை வரலாற்றில், வைரச் சில்லுகளைக் கல்வேலைக்காரர் இரும்பில் பதித்துப் பயன்படுத்துவதைக் குறித்திருக்கிறார். அதே நூற்றாண்டின் பெரிப்ளூஸ், முசிறி, நெல்கிந்தாத் துறைகளில் ஏற்றுமதியான சரக்குகளில் வைரத்தையும் நீலத்தையும் சேர்த்துச் சொல்கிறது. முடியில் பதிக்கும் வைரத்தைப் பற்றி எழுதியவர் அநேகர். முடியில் ஏற முடியாத சில்லு, தூசு என்று ஊதிவிடத்தக்க சில்லு, பட்டறைக்குப் போயிற்று. ஆனால், இதற்குச் சாட்சி எது? எழுத்தில் பிளினி சொல்வது சரி. நம் மண்ணில் துளைத்தவன் வைரத்தால்தான் துளைத்தான் என்று எப்படிச் சொல்வது? அலகு கிடைக்கவில்லை. இரும்பு துருவேறிப் போய்விடும். வைரச் சில்லு மணலோடு மணலாகிவிடும்.

இந்த இடத்தில், நேயர்களே, வரலாற்றுக்குள் பல் வைத்தியர்கள் நுழைகிறார்கள்.

மன்னாரில் திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்து கிடக்கும் மேட்டைத் தமிழர் மாதோட்டம் என்றும் மாந்தை என்றும், பாளி நூல்கள் மகாதித்த என்றும் சொல்லும். அநுராதபுரத்துக்குக் கடல்வாசல் அதுவே. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கே அகழ்வு நடந்தது. சீனத்துப் பீங்கானும் பாரசீகத்துச் சாடிகளும் ஒரே மண்ணில் கிடந்தன. மணிகளும் கிடந்தன. நாட்டின் நிலைமை கெட்டு, 1984இல் வேலை நின்றுபோனது. முழு அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இல்; அகழ்வு நின்று ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து. போர் ஓய்ந்தபின் 2009-10இல் மறுபடியும் சிறு அளவில் அகழ்ந்தபோது, ஆயிரம் வருடத்துக்கு முற்பட்ட ஒரு கிராம்பு அகப்பட்டது. இந்தோனேசியாவின் கிழக்குக் கோடித் தீவுகளில் மட்டும் அந்நாளில் விளைந்த கிராம்பு! மாந்தை எத்தகைய துறை என்பதற்கு அந்த ஒரு மொட்டே போதும்.

கார்ஸ்வெல்லின் அகழ்வில் வந்த மணிகள் நியூயோர்க்கில் இருவர் கைக்குப் போயின. ஒருவர் லெனார்ட் கோரலிக், பல் வரிசையைச் சீர்படுத்தும் வைத்தியர். மற்றவர் ஜோன் குவினெட், ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பல் ஆய்வாளர். இருவரும் பழைய பொருள்களில் பித்துக்கொண்டவர்கள். மெசொப்பொத்தேமிய உருளை முத்திரைகளின் துளையை ஆராய்ந்து எழுபதுகளிலேயே பெயர் பெற்றவர்கள். அவர்கள் செய்தது நமக்கெல்லாம் பழக்கமான காரியந்தான். செயற்கைப் பல் கட்டுமுன் வைத்தியர் வாய்க்குள் மாவுபோல ஒன்றை அமுக்கி அச்செடுப்பாரல்லவா? அதே சிலிக்கோன் பசையை மணியின் துளைக்குள் செலுத்தி, இறுகியபின் உருவினார்கள். துளையின் உட்சுவர் ஒரு மெல்லிய குச்சியின் வெளிப்புறமாக வந்துவிட்டது. அதை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள்.

தூள் அரைத்த துளைக்கும் பதித்த முனை அறுத்த துளைக்கும் சுவரில் பேதம் உண்டு. தூள் உருண்டோடும், அது விட்டுச்செல்லும் தடம் மங்கலாகவோ ஒழுங்கற்றோ இருக்கும். வைரச் சில்லு முனையோடு இறுகி நிற்பதால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே சீரான வளையம் கீறிச் செல்லும். பல்வேறு அலகுகளாலும் தூள்களாலும் தாங்களே துளைத்து, அந்தத் தடங்களோடு பழந்துளைகளை ஒப்பிடுவது அவர்கள் வழக்கம். 1986இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள்: கி.பி. 700 முதல் 1000 வரையான காலத்தில் இலங்கையில் மணி துளைக்க வைர அலகு பயன்பட்டிருக்கிறது.

இதில் எனக்கு வியப்பு எது தெரியுமா? இரத்தினத் தீவு என்று உலகம் சொன்ன இந்த நாட்டில் வைரம் மட்டும் விளைவதில்லை. நீலம் உண்டு, மாணிக்கம் உண்டு, புஷ்பராகம் உண்டு, வைடூரியம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசில் சுரங்கங்கள் திறக்கும்வரை, உலகத்துக்கே வைரம் கொடுத்தது பெரும்பாலும் இந்தியா. அதிலும் கிருஷ்ணா ஆற்றுப் பக்கம். ஆகவே மாந்தையில் ஒரு தொழிலாளி தன் மணியைத் துளைக்க, கடல் கடந்து வந்த சில்லுக்குக் காத்திருந்திருக்க வேண்டும். கப்பல் பிந்தினால் அவன் வேலையும் பிந்தியிருக்கும். அவன் தமிழனா சிங்களவனா, சைவனா பௌத்தனா என்று இன்று சிலர் கேட்கக்கூடும். துளைக்குள் வளையம் மட்டுந்தான் இருக்கிறது.

வைர அலகு அதோடு போய்விடவில்லை. குஜராத்தில் கம்பாத் என்ற பழைய துறைமுகத்தில் அகேட் மணி செய்வோர் அண்மைக்காலம் வரையிலும் அதைக் கைவிடவில்லை. இரும்புக் கம்பியின் நுனியில் இரண்டு வைரச் சில்லுகளை எதிரெதிராகப் பதித்து, வில்லை முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றுவார்கள். நம் தச்சர்களின் வில் துறப்பணம் போன்றதே. தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். சிந்துவெளித் தொழிலாளிக்கு மணிக்கணக்கில் இறங்கிய ஆழம் கம்பாத்துக்காரருக்கு நிமிடக் கணக்கில் இறங்கிற்று. கெனோயரும் அவர் தோழர்களும் அங்கேயே தங்கித் தொழிலைப் பார்த்து எழுதினார்கள். சானுதாரோவின் அலகைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு உதவியவர்களில் கம்பாத்தின் வில்பிடித்தவர்களும் அடக்கம்.

ஆனால் அந்த ஊரின் கதையைத் தண்ணீர் சொட்டுவதோடு நிறுத்திவிடுவது நியாயமாகாது. மணியைத் தேய்ப்பதற்கு மின்சாரச் சாணை வந்தபின், உலர்ந்த கல்லின் தூசு வீட்டுக்குள்ளேயே பறந்தது. படிகத் தூசு சுவாசப்பையில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்ற நோய். மாற்று மருந்து இல்லை. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் கம்பாத் தொழிலாளரிடையே அந்த நோயை ஆராய்ந்து வெளிப்படுத்தியிருக்கிறது. சாணைக்கு முன் இருந்தவர்கள் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரரும் அதில் அகப்பட்டனர். மாலையின் விலையில் அந்த மூச்சுக்குக் கணக்கு வைப்பதில்லை. தேயிலைத் தூசியை வடிக்கும் அறையில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

பேத்தியின் போத்தலுக்கு வருகிறேன். அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. அடைப்பதற்கு அழைத்துப் போயிருந்தேன். வாயைத் திறக்கச் சொன்னால் திறக்காமல், வைத்தியர் கையில் இருந்த கருவியைச் சுட்டிக்காட்டி, "அதோட முனையில என்ன இருக்கு டொக்டர்?" என்று கேட்டாள். "வைரத் தூள் மகள்" என்றார் அவர். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். பல்லின் மேற்பூச்சு மோஸ் வரிசையில் ஐந்துதான். அதற்கே வைரம் வைக்கிறார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தேய்ந்து கழித்த நாலு முனைகளைச் சுத்திகரித்து ஒரு சிறு உறையில் போட்டுக் கொடுத்தார்.

சுழற்றுவதற்குக் கருவி வேண்டுமே. எங்கள் கடைவீதியில் ரேடியோ திருத்துபவர் ஒருவர், சுற்றுத் தகட்டில் துளையிட பற்றரியில் ஓடும் விரலளவுத் துறப்பணம் வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் தந்தார். மின்சாரக் கம்பியில்லாதது, தண்ணீருக்குப் பக்கத்தில் பயமில்லை. ஒரு பீங்கான் தட்டில் மெழுகு உருக்கிக் கல்லைப் பதித்தோம். கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றினோம், தூசு எழும்பாமலிருக்க. முனையைப் படுக்க வைத்தால் வழுக்குகிறது. அமுக்கினால் மெழுகிலிருந்து கல் கழன்றுவிடுகிறது. தொட்டும் தொடாமலும் வைத்து எடுக்க வேண்டும் என்பதைக் கை மெல்லக் கற்றுக்கொண்டது. தண்ணீர் இளஞ்சிவப்பாய்க் கலங்கிற்று. முனை குட்டையானது, முழு ஆழமும் போகாது. பாதிவரை போய், கல்லைத் திருப்பிப் பதித்து, மறுபக்கத்திலிருந்து வந்தோம்.

முதற்கல்லுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. நூலை மெழுகில் முறுக்கி நுழைத்துப் பார்த்தாள். பாதியில் முட்டி நின்றது. இரண்டு துளையும் நேராகச் சந்திக்கவில்லை. "கோணிப்போச்சு தாத்தா" என்று உதட்டைப் பிதுக்கினாள். பூதக்கண்ணாடியை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சிவப்புக்குள்ளே நடுவில் ஒரு சின்னப் படிக்கட்டு. இரு பக்கத்திலிருந்தும் துளைத்த பழைய கல்மணிகளில் காணும் அதே படிக்கட்டு. அதற்கு மேலும் கீழும் முடிபோல வளையங்கள். கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசியால் நூலை உட்பக்கமாகத் தள்ளித் தள்ளி, எப்படியோ மறுபக்கம் இழுத்துவிட்டாள்.

போத்தலில் இன்னும் இருபது கல் இருக்கிறது. நாலு முனையில் ஒன்று வழுவழுத்துப் போய்விட்டது.